பாத் டப்பா, பேசினா, வாளியா, எண்ணெயா? வீட்டு நறுமணக் குளியலுக்கு நான்கு வழிகள்

நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, மணக்க மணக்க வெந்நீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் தேவலை என்று தோன்றும். உடனே பலரும் தேடுவது பாத் டப்பைத்தான். மடிக்கும் டப் சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது, பத்து மில்லி லாவெண்டர் புட்டி ஒன்று வாங்கினால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். வாங்கலாமா வேண்டாமா என்ற தயக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. பாத்ரூமில் இடம் போதுமா, தண்ணீர் எவ்வளவு பிடிக்கும், பேசினில் கால் வைத்தாலே போதாதா, அம்மா சொல்லும் எண்ணெய்க் குளியலும் இதுவும் ஒன்றுதானா?

நம் வீடுகளில் நடைமுறையில் சாத்தியமானவை நான்கு: பேசினில் கால் ஊறவைப்பது, மூலிகைத் தண்ணீர் கலந்த வாளிக் குளியல், எண்ணெய்க் குளியல், டப்பில் கிடப்பது. ஷவர் தரையில் வைக்கும் மண வில்லைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வில்லை கரையும் ஐந்து நிமிடம் மணக்கும், அத்தோடு சரி.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வெப்பம். இந்தக் குளியல்களில் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது எண்ணெயோ இலையோ அல்ல, வெந்நீர்தான். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். படுக்கப் போவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி வரை சூடுள்ள நீரில் பத்து நிமிடம் குளித்தாலே தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது என்பது அதன் முடிவு. சூட்டில் கை கால்களின் ரத்தக்குழாய்கள் விரியும். உள்ளுடம்பின் சூடு அவற்றின் வழியாக வெளியே இறங்கும். அந்த இறக்கம்தான் உடம்புக்குத் தூங்கச் சொல்லும் சைகை. குளித்த கையோடு படுத்தால் புரள்வதும், ஒரு மணி நேரம் கழித்துப் படுத்தால் கண் சொக்குவதும் இதனால்தான்.

இரண்டாவது, மணம் மூக்குக்குப் போய்ச் சேருகிறதா என்பது. மூன்றாவது, தண்ணீரும் அதைச் சூடாக்கும் செலவும். நான்காவது, குளித்து முடித்த பிறகு துடைத்து, கழுவி, காயவைக்கும் நேரம். பெரும்பாலோர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடைசியாக, குளிக்கப்போவது யார்? சர்க்கரை உள்ளவரா, கர்ப்பிணியா, குழந்தையா என்பதைப் பொறுத்து சில வழிகளைக் கைவிடவே வேண்டியிருக்கும்.

எண்ணெயும் தண்ணீரும்

நான்கு வழிக்கும் பொதுவான ஒரு தவறை முதலில் சொல்லிவிட வேண்டும். எசென்ஷியல் ஆயில், அதாவது செடிகளிலிருந்து எடுக்கும் செறிந்த மணத் தைலம், தண்ணீரில் கரையாது. வாளித் தண்ணீரில் ஐந்து சொட்டு யூக்கலிப்டஸ் தைலத்தை விட்டுக் கையால் கலக்கிப் பாருங்கள். கலந்தது போலத் தெரியும். அரை நிமிடத்தில் மேலே மெல்லிய ஏடாக மிதக்கும். மக்கால் நாம் மொள்வது மேல் தண்ணீரைத்தான். ஐந்து சொட்டில் பெரும்பங்கு முதல் இரண்டு மக்கிலேயே ஏறி, நீர்க்காமல் தலையிலும் கண்ணிலும் வழியும். கண் எரிச்சலுக்குக் காரணம் இது. வாளியின் பாதிக்கு வரும்போது மணமே இல்லை என்று குறைப்படுவதற்கும் இதுதான் காரணம்.

உப்பில் கலந்து போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். உப்பு கரைந்துவிடும், எண்ணெய் பழையபடி மிதக்கும். பாலிலும் அரைகுறையாகத்தான் கலக்கும். தண்ணீரில் பரவ வேண்டுமானால், வாசனை சேர்க்காத திரவ சோப்பு அல்லது ஷாம்பு ஒரு தேக்கரண்டியில் மூன்று, நான்கு சொட்டு விட்டு நன்றாகக் குழைத்து, பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். எந்தத் தைலமும் சுலபமாகக் கரையும் இடம் வேறொரு எண்ணெய்தான். எண்ணெய்க் குளியலுக்கு இந்த ஒப்பீட்டில் தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

இலை, வேர் போட்ட கஷாயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சாறு ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

பேசினில் கால் ஊறவைப்பது

தேவை: இரண்டு பாதமும் அகலமாகப் பதிந்து, கணுக்கால் மூழ்கும் ஆழமுள்ள பிளாஸ்டிக் பேசின், எட்டு லிட்டர் தண்ணீர். கீசர்கூட வேண்டாம். குழாய்த் தண்ணீர் ஆறரை லிட்டரை முதலில் ஊற்றுங்கள். அதன்மேல் கொதித்த தண்ணீர் ஒன்றரை லிட்டர். குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால் கலவை 40, 41 டிகிரிக்கு வரும். மே மாதச் சென்னையில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், அப்போது ஒரு லிட்டர் கொதிநீர் போதும். மார்கழிக் குன்னூரில் இரண்டரை லிட்டர்வரை வேண்டியிருக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையை முக்கிப் பாருங்கள். விரல்கள் சூட்டுக்குப் பழகியவை, அவற்றை நம்பக்கூடாது.

பத்தாவது நிமிடத்தில் தண்ணீர் ஆறத் தொடங்கும். காலை வெளியே எடுத்துவிட்டு அரை லிட்டர் சுடுநீர் சேர்த்துக் கலக்கி, மறுபடி வையுங்கள். காலை உள்ளே வைத்தபடியே ஊற்றினால் பாதத்தில் கொப்புளம் வரும். மொத்தம் இருபது நிமிடம் போதும்.

தைலத்தைப் பேசினில் விடுவதில் பெரிய பயன் இல்லை. கால் ஒரு முனையில், மூக்கு ஒரு முனையில். பக்கத்து ஸ்டூலில் ஒரு கப் வெந்நீர் வைத்து அதில் இரண்டு சொட்டு விடுங்கள், ஆவியோடு நேராக மூக்குக்கு வரும். எப்சம் உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதிலுள்ள மெக்னீசியம் தோல் வழியாக உடம்பில் ஏறி அலுப்பைப் போக்குகிறது என்பது நிரூபிக்கப்படாத விளம்பரம். காலுக்கு இதமாக இருந்தால் போடலாம். கல்லுப்பும் அதே இதத்தைத் தரும்.

மறைமுகச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உப்புப் போட்ட தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாமல் இருந்தால் சரி. குறை என்றால், தோள், கழுத்து இறுக்கத்துக்கு இது எட்டாது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இந்த வழி கூடாது. கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது, புண் ஆனால் எளிதில் ஆறாது. மற்ற எல்லாருக்கும், குறிப்பாக இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து பத்தரைக்குள் தூங்க வேண்டியவர்களுக்கு, வாரநாளில் இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

மூலிகை வாளி

உடம்புவலிக்கு நொச்சி, மணத்துக்கு வெட்டிவேர். இந்த இரண்டும் தெரிந்தால் போதும். நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும். நொச்சி பல ஊரில் வேலியோரமே இருக்கிறது. கடலூர்க் கரையோர மணலில் வளரும் வெட்டிவேர் தமிழ்நாட்டில் பெயர்பெற்றது.

நொச்சி என்றால் இரண்டு கைப்பிடி இலை, மூன்றரை லிட்டர் தண்ணீர், தட்டு போட்டு மூடிப் பத்து நிமிடக் கொதி. மூடுவது முக்கியம். திறந்து கொதிக்கவைத்தால் சமையலறை மணக்கும், வாளி மணக்காது. வெட்டிவேரைக் கொதிக்கவைக்கக்கூடாது. இருபது கிராம் வேரை இரண்டு முறை அலசி மண் போக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும் மூடிச் சூடாக்கினால் போதும். துணியில் முடிந்து போட்டால் நார் உதிர்ந்து சாக்கடையில் அடைக்காது. வெயிலில் காயவைத்து மூன்று, நான்கு முறை பயன்படுத்தலாம்.

கொதித்து இறக்கிய நொச்சிக் கஷாயம் மூன்று லிட்டரை, பதினேழு லிட்டர் குழாய்த் தண்ணீர் உள்ள வாளியில் ஊற்றினால் சுமார் 39 டிகிரி வந்துவிடும். தனியாகச் சுடுதண்ணீர் போடவே தேவையில்லை. அடுப்பிலிருந்து பாத்ரூம்வரை அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப்போவதுதான் ஆபத்தான கட்டம். இரண்டு பக்கமும் பிடியுள்ள பாத்திரத்தில், முக்கால் அளவுக்கு மேல் இல்லாமல் எடுத்துப் போங்கள். குழந்தைகள் குறுக்கே வரக்கூடாது.

இதன் பலவீனம் நேரம். மக்கால் ஊற்றினால் ஒரு வாளி ஆறேழு நிமிடத்தில் காலி. ஒரு மக்குக்கும் அடுத்த மக்குக்கும் நடுவே முதுகு குளிர்ந்துவிடும். இதற்கு எளிய வழி உண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து, பாதத்தை அகலமான பேசினில் வைத்துக்கொள்ளுங்கள். பிடரியிலிருந்து மெதுவாக ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு காலடியில் சேரும், கால் ஊறிக்கொண்டே இருக்கும். வென்டிலேட்டரை அந்தப் பத்து நிமிடம் சாத்திவைத்தால் ஆவியும் தங்கும்.

ஒரு எச்சரிக்கை. தலையில் சுடச்சுடத் தொடர்ந்து வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வலிப்பு வரும் ஒரு வகை நோய் உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகப் பகுதியில், இது அதிகம் பதிவாகியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். குளிக்கும்போது கண் செருகுவது, பேச்சுக் குழறுவது, நினைவு தப்புவது என்று ஒருமுறை நேர்ந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை தலைக்கு வெந்நீர் வேண்டாம். யூக்கலிப்டஸ், கற்பூரத் தைலங்களும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதால் வலிப்பு உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அவற்றின் பக்கமே போகக்கூடாது.

காய்ச்சல் விட்ட பிறகு உடம்பு முறித்துப்போட்டது போல இருக்கும்போதும், நெடும்பயணம் முடிந்து வந்த அன்றும் இந்த வாளிதான் சரியான தேர்வு.

எண்ணெய்க் குளியல்

அரை நாள் ஒதுக்க முடிந்தால், நான்கில் நல்லது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பிடித்துவிடுவதால் தசை தளர்கிறது, வெந்நீர் இருக்கிறது, மணத்துக்கான தைலம் முறையாகக் கரைகிறது. மற்ற மூன்றிலும் இவை ஒன்றாகச் சேர்வதில்லை.

ஒருவருக்கு ஐம்பது மில்லி நல்லெண்ணெய் போதும். நீண்ட தலைமுடி என்றால் எழுபத்தைந்து. நேரடியாக அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெய்க் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் வெதுவெதுப்பாகும். மணம் சேர்க்க ஐம்பது மில்லிக்குப் பத்து சொட்டு, அதாவது ஒரு விழுக்காடு, அதற்கு மேல் வேண்டாம். நல்லெண்ணெயின் மணம் கனமானது. லாவெண்டர் அதில் காணாமல் போகும், வெட்டிவேர்த் தைலம் ஈடுகொடுத்து நிற்கும். லாவெண்டர்தான் வேண்டும் என்றால் தேங்காயெண்ணெயில் கலக்குங்கள். தைலம் கலந்த எண்ணெயைத் தோள், முதுகு, கை கால்களுக்கு வைத்துக்கொண்டு, தலைக்கும் முகத்துக்கும் வெறும் எண்ணெயே தடவுங்கள். வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும்.

தேய்த்து அரைமணி ஊறிய பிறகு பலர் செய்யும் தவறு, எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் பட்டதும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகாமல் நிற்கும், அதன்மேல் எத்தனை முறை தேய்த்தாலும் பிசுக்கு விடாது. உடம்புக்குப் பயத்தமாவையோ நலங்கு மாவையோ முதலில் உலர்வாகத் தேயுங்கள். மாவு எண்ணெயைக் குடித்துத் திரித்திரியாக உருளும், அதன் பிறகு வெந்நீர். தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு, மூன்று மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான வடிகஞ்சியில் குழைத்து, முடி நனையும் முன்பே அப்புங்கள். போர்வெல் கடினநீரில் சோப்பு திரிந்து வெள்ளைப் படலமாக ஒட்டும், சீயக்காய்க்கு அந்தத் தொல்லை கிடையாது.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். தரை வழுக்கும். குளித்தவர் வெளியே வருமுன் பாத்திரம் கழுவும் பொடி தூவித் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், அடுத்து உள்ளே போவது வீட்டுப் பெரியவராக இருக்கலாம். மாவும் எண்ணெயும் சேர்ந்து சாக்கடையில் களியாக உறையும், சல்லடை வைக்காவிட்டால் சில வாரங்களில் அடைப்பு. துண்டு ஒன்று இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு துவைத்தாலும் சிக்கு வாடை போகாது. அன்று பகல் முழுக்கக் கண்ணை இழுக்கும், முக்கிய வேலை வைத்துக்கொள்ள முடியாது.

முடி காய்வதற்குச் சாம்பிராணி போடுவது இந்தக் குளியலின் கடைசி இன்பம். புகையை அறையில் போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். சாத்திய பாத்ரூமில் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா உள்ள வீட்டில் புகையைத் தவிர்த்து மின்விசிறியில் காயவைப்பதே நல்லது.

பாத் டப்

ஒருவர் முழங்காலை மடக்கி உட்காரும் டப்புக்கு 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்து அரசின் திட்ட அளவே 135 லிட்டர்தான். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடும்.

தண்ணீர் தாராளமாக இருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கீசர். 25 லிட்டர் கீசர் 60 டிகிரிக்குச் சூடாக்கியதை 28 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் கிடைப்பது சுமார் 67 லிட்டர். டப்பில் பாதிகூட இல்லை. அடுத்த 25 லிட்டர் சூடாக 2 கிலோவாட் கீசருக்கு ஏறக்குறைய அரைமணி ஆகும். அதற்குள் ஊற்றிய தண்ணீர் ஆறியிருக்கும். 15 லிட்டர் கீசர் என்றால் நான்கு முறை நிரப்பிக் காத்திருக்க வேண்டும். டப் வாங்கிய பலர் இரண்டாம் மாதம் அதில் அழுக்குத்துணி போட்டுவைப்பது சோம்பலால் அல்ல, கீசர் ஈடுகொடுக்காததால்தான். கேஸ் கீசர் நிமிடக் கணக்கில் சுடுநீர் தரும் என்று அதற்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: சாத்திய பாத்ரூமுக்குள் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும், அதற்கு வாடை கிடையாது. கருவி வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும்.

வடிப்பதும் ஒரு வேலை. 150 லிட்டரைத் திறந்துவிட்டால் தரை வடிகால் அவ்வளவு வேகமாக இழுக்காது, வாசல்படி தாழ்வாக இருந்தால் தண்ணீர் அறைக்குள் வரும். பாதி பாதியாகத் திறக்க வேண்டும். மடிக்கும் டப்பின் மடிப்புகளில் ஈரம் நின்றால் கரும்பூஞ்சை பிடிக்கும், ஒவ்வொரு முறையும் விரித்து நிழலில் காயவைக்க இடம் வேண்டும். டப்பும் தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் 200 கிலோவுக்கு மேல் போகும், பால்கனியில் வைக்கும் யோசனையைப் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

தைலம் என்றால் ஆறு முதல் எட்டு சொட்டு, ஒரு மேசைக்கரண்டி திரவ சோப்பில் குழைத்து. புதினா, இலவங்கப்பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல் தைலங்கள் டப்புக்கு ஆகாது, மென்மையான இடங்களில் தீயாய் எரியும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடக்க வேண்டாம். எழுந்திருக்கும்போது சட்டென்று ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். கர்ப்பிணிகள் உடம்பு முழுக்கச் சூடேறும் குளியலை, முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், தவிர்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டப் சரியாகும் வீடுகள் உண்டு. பெரிய சோலார் ஹீட்டர், சொந்தக் கிணறு, ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர், தனியாகக் காயும் பாத்ரூம், இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் வாங்கலாம். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் வெந்நீரில் மூழ்கும் இதத்தை மற்ற மூன்றும் தர முடியாது என்பதும் உண்மை.

ஒரே பார்வையில்

| | கால் பேசின் | மூலிகை வாளி | எண்ணெய்க் குளியல் | பாத் டப் |
|---|---|---|---|---|
| தண்ணீர் | 8–9 லிட்டர் | 20 லிட்டர் | 50–60 லிட்டர் | 150 லிட்டர் |
| சூடாக்க மின்சாரம் | 0.1 யூனிட் | 0.3 யூனிட் | 0.8 யூனிட் | 2.1 யூனிட் |
| கழுவுவது உட்பட நேரம் | அரைமணி | முக்கால் மணி | இரண்டு மணிக்கு மேல் | ஒன்றரை முதல் இரண்டு மணி |
| மணம் | பக்கத்துக் கப்பில் இருந்து | நன்றாக இருக்கும் | மிக நன்று, உடம்பில் தங்கும் | மிதமானது |
| தோள், முதுகு | எட்டாது | ஓரளவு | மிக நன்று | மிக நன்று |
| முக்கியத் தொல்லை | சர்க்கரை உள்ளவர்களின் பாதம் | கொதிநீர் தூக்குவது | வழுக்கல், அடைப்பு | கீசர், வடிகால் |

மின்சாரக் கணக்கு 28 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கு மட்டும். கேஸ் அடுப்பில் கொதிக்கவைத்தால் அந்த அளவு மின்சாரம் மிச்சம்.

தைலம் வாங்கும்போது

லேபிளில் தாவரத்தின் முழுப்பெயர் இருக்க வேண்டும். வெறும் 'வாசனை எண்ணெய்' என்றிருந்தால் அது ஊதுவத்திக்கும் மெழுகுவத்திக்கும் உள்ளது, தோலுக்கு அல்ல. பத்து மில்லி சந்தனத் தைலம் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தால் அது சந்தனமே அல்ல. எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த தைலம் தோலில் பட்டபின் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் போனால் தோல் கருகிக் கறுக்கும், அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எது வாங்கினாலும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு கலந்து முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் புட்டி உங்களுக்கு இல்லை. வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ தைலம் உள்ளேயே வேண்டாம், அதற்கு நஞ்சு. திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதிவையுங்கள். காற்றுப்பட்டு நாளான லாவெண்டரும் எலுமிச்சையும் புதியதைவிடத் தோலை அதிகம் உறுத்தும். ஃபிரிட்ஜ் கதவில், நன்றாக மூடி, குழந்தையின் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைப்பது நல்லது. யூக்கலிப்டஸ் புட்டிக்கு இது கட்டாயம், ஒரு சிறு குழந்தை அதில் ஒரு தேக்கரண்டி குடித்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.